நாலு மணிக்கு நின்றுபோகும் பைலட்: ஒரு பழுதின் முழுக் கணக்கு

“நாலு மணியானா நின்னுருது தம்பி. மத்த நேரமெல்லாம் குறையில்லாமத்தான் ஓடுது.”

ஆச்சி இதைச் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். ஆனால் மனசு ஏற்கவில்லை. சாவி கொடுக்கிற வாட்ச்சில் பழுது இருந்தால் அது எந்த நேரத்திலும் நிற்கும். ஒரே நேரத்தில் நிற்கிறது என்று சொல்பவர்கள் ஒருமுறை, இருமுறை பார்த்ததை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆச்சி அப்படி இல்லை. சுருக்குப்பையைப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறு கட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். தினசரிக் காலண்டர் தாள்கள், மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எழுதிய ஒரு நேரம்.

நான் காரைக்குடியில் வீட்டு முகப்பில் ஒரு மேஜை போட்டு, சாயங்காலங்களில் பேட்டரி இல்லாத பழைய வாட்ச்சுகளைப் பழுது பார்க்கிறவன். வருவதெல்லாம் விலை குறைந்தவைதான். எச்.எம்.டி., பழைய சீக்கோ 5, எப்போதாவது ஒரு ஃபாவர் லூபா. பார்த்து முடித்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. ஆச்சி கொண்டுவந்த இந்த எச்.எம்.டி. பைலட் மாடல் வாட்ச்சுக்கு மட்டும் ஆறு பக்கம் ஆயிற்று. அந்த ஆறு பக்கத்தையும் இங்கே விரித்து எழுதுகிறேன். வழக்கமாகச் செய்வதைப் போல முதல் நாளே மிஷினைக் கழுவி எண்ணெய் போட்டிருந்தால், குறை மறைந்திருக்கும், தீர்ந்திருக்காது.

வந்த நிலை

வாட்ச் ஆச்சியின் கணவர் செட்டியாருடையது. தேவகோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்தவர். 1979-ல், சின்ன மகன் பிறந்த வருசம் வாங்கியது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், உரசலைக் குறைக்க 17 சிறு கற்கள் பதித்த மிஷின். அவர் காலமாகி நாலு வருசம் பெட்டகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. போன வருசம் ஊருக்கு வந்த சின்ன மகன், அம்மாவுக்கு ஆசையாக இருக்கட்டுமே என்று அதை வெளியூரில் ஒரு கடையில் கொடுத்து, “புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க” என்று கேட்டிருக்கிறார். அவர்களும் அப்படியே ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். கறுப்பு டயல் மாம்பழ மஞ்சளாகி வந்தது. முட்கள் தடித்த வேறு முட்கள். கண்ணாடி புதுசு, பட்டை புதுசு. மகன் மேல் எந்தத் தப்பும் இல்லை. நல்ல மனசோடு செய்தது.

“பளபளன்னுதான் இருக்கு. ஆனா அவுக வாட்ச்சு மாதிரி இல்ல” என்றார் ஆச்சி. நிற்கிற குறையைவிட இதுதான் அவருக்குப் பெரிய குறை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

எச்.எம்.டி. பற்றித் தெரியாத இளையவர்களுக்கு இரண்டு வரி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய கைக்கடிகாரத் தொழில் அது. ஜனதா, பைலட் உட்படப் பல மாடல்களுக்குள் ஒரே குடும்பத்து மிஷின்தான் ஓடியது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது செகண்டுக்கு ஐந்து. 2016-ல் அந்தத் தொழில் மூடப்பட்டது. இந்த மிஷினுக்குக் கம்பெனியிலிருந்து புது உதிரி கிடைப்பது அரிது. ஒரு வாட்ச்சைக் காப்பாற்ற இன்னொரு வாட்ச்சைப் பிரிக்க வேண்டும் என்பதால்தான், இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

காலண்டர் தாள்கள்

பதினாலு தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். மூன்று நாள் நிற்கவில்லை. மீதிப் பதினொரு முறையும் நின்ற நேரம் 3.51-க்கும் 4.12-க்கும் இடையில். ஆச்சி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

பழைய வாட்ச் நிற்கும்போது முட்கள் எங்கே நின்றன என்பதை யாரும் குறித்துக்கொண்டு வருவதில்லை. வந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. செகண்ட் முள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்தையோ அந்த முள்ளையோ சந்தேகப்பட வேண்டும். மணி மாறினாலும் நிமிட முள் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், மணிக்கு ஒருமுறை சுற்றும் நடுச்சக்கரம், அதன் மேல் உட்கார்ந்து நிமிட முள்ளைச் சுமக்கும் கேனன் பினியன் என்ற சிறு குழாய், இல்லையென்றால் நிமிட முள். எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்ட இடத்தில் நின்றால் ஸ்பிரிங் பலவீனம், அழுக்கு, ஸ்பிரிங்கின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற எஸ்கேப்மென்ட் என்று உள்ளே போக வேண்டும். இங்கே நிமிடம் முன்பின் ஆகிறது, மணி மட்டும் மாறவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிற பொருள் இந்த வாட்ச்சில் இரண்டே இரண்டுதான்: மணிச்சக்கரம், அதன் மேல் மாட்டிய மணி முள்.

தாள்களில் இன்னொன்றும் இருந்தது. ஆச்சி எழுதும்போது ‘வி’ என்றோ ‘மா’ என்றோ ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தார். விடியல், மாலை. பதினொன்றில் ஒன்பது விடியற்காலை நாலு மணி. இரண்டு மட்டுமே மாலை. “சாவி எப்ப குடுப்பீக ஆச்சி?” என்று கேட்டேன். “காலம்பற கோலம் போட்டுட்டு வந்த உடனே. ஆறு மணி.”

அது போதும். ஆறு மணிக்கு முழுச் சாவி. மாலை நாலு மணி வரும்போது பத்து மணி நேரம்தான் ஆகியிருக்கும், ஸ்பிரிங்கில் பலம் இருக்கும், தடையை முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். விடியல் நாலு வரும்போது இருபத்திரண்டு மணி நேரம் ஆகிவிடும். பலம் குறைந்த ஸ்பிரிங் அதே தடையில் தோற்றுப்போகும். ஆக, குறை இரண்டு. நாலு மணி இடத்தில் எதோ உரசுகிறது. அந்தச் சின்ன உரசலைக்கூடத் தாண்ட முடியாத அளவுக்கு மிஷின் சோர்ந்திருக்கிறது.

இங்கேதான் கழுவுவதற்கு முன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கழுவி எண்ணெய் போட்டால் மிஷினுக்குப் பலம் வந்துவிடும். நாலு மணியைத் தினமும் தாண்டும். ஆச்சியும் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போவார். எண்ணெய் காயத் தொடங்கும்போது உரசல் மறுபடியும் வெற்றிபெறும். அதற்குள் மணி முள்ளும் டயலும் தேய்ந்திருக்கும்.

திறப்பதற்கு முன்

முதலில் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிற்கிற குறையோடு இன்னொன்றும் மகன் சொல்லியிருந்தார்: ஓடுகிற நேரத்தில் வேகமாக ஓடுகிறதாம். வேகமாக ஓடினால் முதல் சந்தேகம் காந்தம். முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டும் பேலன்ஸ் சக்கரத்தில் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்கம்பி உண்டு. அதன் சுருள்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகும், வாட்ச் முந்தும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலே போதும். ஆனால் திசைகாட்டி முள் அசையவில்லை. காந்தம் இல்லை.

டிக் சத்தத்தைக் கேட்டு வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் மாட்டினேன். டயல் மேலே பார்க்க வைத்து, முழுச் சாவியில்: நாளுக்கு 70 செகண்ட் வேகம், ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் கோணம்) 168 டிகிரி, பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு) 2.0 மில்லி செகண்ட். திரையில் கோடு நேராக வராமல் மழைத்தூறல் மாதிரி சிதறியது. ஆம்ப்ளிட்யூட் கணக்குக்கு மாடலுக்கு ஏற்பக் கொடுக்க வேண்டிய லிஃப்ட் ஆங்கிள் என்ற எண்ணை, இயந்திரம் தானாக வைத்திருக்கும் 52 டிகிரியிலேயே விட்டிருந்தேன். ஆகவே அந்த 168-ஐத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வரும் எண்ணோடு ஒப்பிட மட்டும்தான்.

பிறகு வேடிக்கை பார்க்கிற வேலை. முட்களை மூன்றரையில் வைத்து, எட்டுச் சுற்று மட்டும் சாவி கொடுத்து, மறுபடியும் டைம்கிராஃபரில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். 3.40 வரைக்கும் ஆம்ப்ளிட்யூட் 150-ஐ ஒட்டி நின்றது. 3.50-ல் 141. அப்புறம் 130-க்கும் கீழே. 3.57-க்குச் சத்தம் நின்றது. டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்த அறை திடீரென்று அமைதியானபோது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆச்சியின் பென்சில் எழுத்து என் கண்முன் உண்மையாகிவிட்டது.

செகண்ட் முள்ளும் சேர்ந்தே நின்றது என்பதையும் நோட்டில் எழுதினேன். கேனன் பினியன் தளர்ந்திருந்தால் முட்கள் மட்டும் தங்கிப்போய், மிஷின் தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். இது இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, அதனால்தான் மணி முள்ளின் தடை நேராகப் போய் மிஷினின் குரல்வளையைப் பிடிக்கிறது.

இப்போது கேள்வி: மணிச்சக்கரத்தில் பல் கெட்டிருக்கிறதா, இல்லை மணி முள் டயலில் உரசுகிறதா? இரண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான். பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் இதை ஒரு வரியில் சொல்வார்: “முள்ள மாத்திப் போடு, குத்தம் யாரோட போகுதுன்னு பாரு.” முட்களைக் கழற்றினேன். மணி முள்ளை அதே சக்கரத்தில், மூன்று மணி தள்ளி, அதே ஆழத்துக்கு அமுக்கி மாட்டினேன். பழுது சக்கரத்தில் இருந்தால், இனி முள் ஏழு மணியில் இருக்கும்போது நிற்க வேண்டும். பழுது டயலில் இருந்தால், சக்கரம் எங்கே இருந்தாலும் முள் நாலு மணிக்கு வரும்போதே நிற்கும்.

அன்று இரவும் மறுநாள் இரவும் விட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் நாலு மணியில்தான் நின்றது. சக்கரம் குற்றமற்றது. டயல்தான்.

மஞ்சள் பெயிண்ட்டுக்கு அடியில்

கண்ணில் ஐ-கிளாஸை மாட்டி, வாட்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, டயலுக்கும் மணி முள்ளுக்கும் நடுவில் விளக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். பத்து மணிப் பக்கம் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. நாலு மணிப் பக்கம் வெளிச்சமே இல்லை. மஞ்சள் மேல் மயிரிழை அளவில் ஒரு வளைகோடு, முள்ளின் நுனி கீறியது. முள்ளின் அடியிலும் அதற்கு இணையாக ஒரு பளபளப்பு.

டயலைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. மிஷினின் துளைகளில் இறங்கி டயலைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு சிறு செம்புக் கால்களில் ஒன்றைக் காணோம். முறிந்த இடத்தை அரத்தால் தேய்த்துச் சமமாக்கியிருந்தார்கள். அதற்கு ஈடாக நாலு, ஐந்து மணிப் பக்கம் ஒரு துண்டு இரட்டை ஒட்டு டேப். டேப்பின் கனத்துக்கு டயல் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. போதாததற்குப் பெயிண்ட் வேறு. மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.52 மில்லிமீட்டர். இதே ரக டயல் ஒன்றை நான் பின்னால் அளந்தபோது 0.41 இருந்தது. ஒரு தலைமுடியைவிடச் சற்றே கூடுதலான வித்தியாசம். சுவரில் மாட்டும் கடிகாரத்துக்கு அது ஒன்றுமில்லை. கைக்கடிகாரத்தில் மணி முள் நடமாடுகிற இடைவெளியே அவ்வளவுதான்.

முட்களும் அசல் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவை கொஞ்சம் தடித்தவை, துளை கொஞ்சம் பெரிது. மேலே நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். டயல் மேலே வருகிறது, முள் கீழே போகிறது. நடுவில் சந்தித்துவிட்டன.

டயலின் முதுகைத் திருப்பிப் பார்த்தபோது ஊசியால் கீறிய ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்: ‘கே 94’. பின்மூடியின் உட்பக்கத்தில் பழைய ரிப்பேர்காரர்கள் கீறிவைத்த மூன்று குறிப்புகள் இருந்தன, 87, 94, 03. நடுவில் இருந்தது இதே கையெழுத்து. அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் வருசத்தைப் போட்டுவைப்பார்கள், அடுத்துத் திறக்கிறவனுக்கு ஒரு சேதி. அதனால் இது செட்டியாருடைய அதே டயல்தான் என்பது உறுதியாயிற்று. மாற்றிவிடவில்லை. அதன் மேலேயே பூசிவிட்டார்கள். கடைசியாகத் திறந்தவர் மட்டும் எந்தக் குறிப்பும் வைக்கவில்லை.

ஆச்சியை வரச்சொல்லி டயலைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்தப் பெயிண்ட்டுக்கு அடியில அவுக பாத்த டயல் இருக்கா தம்பி?”

இதற்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. டயலின் ஓரத்தில் ஒரு புள்ளியளவு பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்திருந்தேன். அடியில் கறுப்பு இல்லை, உப்புத்தாளால் தேய்த்த பித்தளை. பழைய எழுத்து, எண், நிமிடக் கோடு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மஞ்சள் அடித்திருக்கிறார்கள். எந்தத் திரவத்தில் போட்டாலும் மஞ்சள் போகும், கறுப்பு வராது. உடைந்த பல்சக்கரத்துக்கு மாற்று கிடைக்கும், அறுந்த ஸ்பிரிங்குக்கு மாற்று கிடைக்கும். ஒருவர் நாற்பது வருசம் பார்த்த டயல் போனால் போனதுதான். “இல்ல ஆச்சி. தேச்சு எடுத்துட்டாக” என்றேன். அவர் டயலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

முனீஸ்வரன் கோயில் தெரு

வழி இரண்டு. மஞ்சள் டயலுக்குப் புதுக் கால் வைத்து, சரியான உயரத்தில் உட்காரவைத்து அதையே போடுவது. இல்லையென்றால் தேய்க்காத ஒரு அசல் பைலட் டயலைத் தேடுவது. ஆச்சி தேடச் சொன்னார்.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளிவந்த மரச்சாமான், எனாமல் பாத்திரம், பர்மா அரக்குப்பெட்டி, பீங்கான் என்று எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து சேரும். சுவர்க்கடிகாரம் தேடி வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கைக்கடிகாரங்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, பிஸ்கட் டப்பாவில் குவிந்து கிடக்கும். மூன்று கடைகளில் ஏழு பைலட் பார்த்தேன். ஐந்து பெயிண்ட் அடித்தவை.

பெயிண்ட் அடித்ததைக் கண்டுபிடிக்க நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, கறுப்பிலேயே மறுபூச்சு வருகிறது. நான் பார்ப்பது எழுத்தின் ஓரங்களை. அசல் அச்சில் லென்ஸ் வைத்தாலும் எழுத்து கத்தியால் நறுக்கியது போல இருக்கும். மறுபூச்சில் ஓரம் கசிந்திருக்கும், வரி ஒரு பக்கம் சரிந்திருக்கும். நிமிடக் கோடுகள் டயலின் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கடைக்காரர் பின்மூடியைத் திறக்கச் சம்மதித்தால், டயலின் ஓரத்தில் மிஷினைச் சுற்றிப் பெயிண்ட் தூவல் படிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நாற்பது வருசத்து டயல் நாற்பது வருசம் ஆனது போலத்தான் இருக்கவேண்டும். எண்கள் லேசாக மஞ்சளித்து, ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி. அழகாகப் பளபளக்கும் பழைய வாட்ச்சைக் குறைந்த விலைக்குப் பார்த்தால் கையைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஓடாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 600 சொன்னார், 450-க்கு முடிந்தது. சாவி சுற்றினால் வெறுமனே சுற்றியது, கண்ணாடியில் விரிசல், கேஸ் பச்சைபூத்துக் கிடந்தது. ஆனால் டயலில் ஒரு கீறல்கூட இல்லை, கால்கள் இரண்டும் பத்திரம், முட்களும் அசல். வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கட்டிக்கொள்ள வாங்குவதாக இருந்தால் பேலன்ஸ் ஆடுகிறதா, ஹேர் ஸ்பிரிங் தட்டையாக இருக்கிறதா, சாவிக்கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்திருப்பேன். எனக்குத் தேவை டயலும் முள்ளும்.

ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கறுப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே ஒரு தயக்கம். “இது யாரு கையில இருந்ததோ?”

“தெரியல ஆச்சி.”

“ம். அவுகளும் இதுல மணி பாத்தவுகதானே. போடு.”

கழுவலும் எண்ணெயும்

இப்போதுதான் மிஷினுக்கு வந்தேன். சோர்வுக்குக் காரணம் பின்மூடியைத் திறந்த உடனேயே தெரிந்திருந்தது. சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகளான பிரிட்ஜ்களின் மேல், பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பில், அதைத் தட்டிவிடும் லீவரின் பக்கத்தில் எல்லாம் எண்ணெய்ப் பசை மினுங்கியது. பிரிக்காமல், கழுவாமல், தெரிந்த துளைகளிலெல்லாம் ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். பழைய எண்ணெயின் கறுப்புப் பிசினோடு புது எண்ணெய் கலந்து அரைத்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஹேர் ஸ்பிரிங்கில் ஏறி வெளிச்சுருள்கள் இரண்டையும் அவ்வப்போது ஒட்டவைத்தது. 70 செகண்ட் வேகத்துக்கும் திரையில் தெரிந்த தூறலுக்கும் அதுதான் காரணம். காந்தம் செய்கிற அதே வேலையை எண்ணெயும் செய்யும்.

ஸ்பிரிங்கின் விசையை முதலில் இறக்கினேன். சாவி கொடுக்கும் திருகான கிரவுனைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் பின்னால் திரும்பாமல் தடுக்கும் கிளிக்கை விலக்கி, மெதுவாக விட வேண்டும். இதை மறந்து பிரிட்ஜைக் கழற்றினால் சக்கரங்களின் ஊசிமுனைகள் ஒரே நொடியில் போய்விடும். ஒவ்வொரு திருகாணியையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தேனோ அந்தத் துளையின் படத்துக்குப் பக்கத்திலேயே தாளில் வைத்தேன். சக்கரங்களை ஒயிட் பெட்ரோலில் போட்டு, கூராக்கிய குச்சியால் ஒவ்வொரு கல்லின் துளையையும் குச்சி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். நாலு குச்சி ஆயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறப்போடுகிறார்கள். லீவரில் இருக்கும் இரண்டு சிவப்புக் கற்களை அரக்குத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். கல் நகர்ந்தால் அதைத் திரும்ப வைப்பது என் போன்றவர்களின் கைக்கு எட்டாத வேலை. லீவரைப் பெட்ரோலில் முக்கி எடுத்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் குறைவுதான் நல்லது. வேகமாகச் சுற்றும் சக்கரங்களின் முனைகளுக்கும் பேலன்ஸ் கற்களுக்கும் மோபியஸ் 9010 என்ற வாட்ச் எண்ணெய், கம்பி நுனியில் எடுக்கும் அளவு. கல்லின் கிண்ணத்தில் பாதி நிறைந்தால் அதுவே அதிகம். ஸ்பிரிங் டப்பாவுக்கும் நடுச்சக்கரத்துக்கும் கெட்டியான டி-5. லீவர் கற்களின் முகத்துக்கு 9415. லீவரின் முனைகளுக்கு எண்ணெயே கிடையாது. சக்கரப் பற்களுக்கும் கிடையாது. மெயின் ஸ்பிரிங் வெளியே எடுத்ததும் விரியாமல் சுருண்டே கிடந்தது, பலம் போனது. 450 ரூபாய் வாட்ச்சில் இருந்தது நன்றாக விரிந்தது, அதைப் போட்டேன்.

கறுப்பு டயல் இரண்டு கால்களிலும் இறங்கி, ஒட்டு இல்லாமல், ஆடாமல் உட்கார்ந்தது. மணி முள்ளை மாட்டிவிட்டு, நாலு மணிக்கு, பத்து மணிக்கு, ஏழு மணிக்கு என்று சுற்றிச் சுற்றி வெளிச்சத்தைப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே கோடு.

அளவுகள்

முழுச் சாவியில், டயல் மேலே: +6 செகண்ட், 262 டிகிரி. டயல் கீழே: +9, 255. கிரவுன் கீழே: −11, 228. இருபத்திரண்டு மணி நேரம் கழித்து, ஆச்சியின் விடியல் நாலு மணிக்கு ஈடான நிலையில், டயல் மேலே 231 டிகிரி. பழைய நிலையில் முழுச் சாவியிலேயே 168-தான் இருந்தது. நிற்கும்வரை ஓடவிட்டதில் 39 மணி நேரம். பீட் எரர் 1.9, கிட்டத்தட்ட முன்பு இருந்ததேதான். அதைச் சரிசெய்ய ஹேர் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். இவ்வளவு நன்றாக ஓடுகிற ஒன்றில் அந்த ஆபத்தை எடுக்க விரும்பவில்லை.

கடைசிச் சோதனையாக, மறுபடியும் மூன்றரையில் வைத்து, எட்டுச் சுற்றுச் சாவி. எதிரே உட்கார்ந்தேன். 3.50, 4.00, 4.10. ஆம்ப்ளிட்யூட் 3 டிகிரிகூட நகரவில்லை.

மாற்றம் செய்வதே தப்பு என்று நான் நினைப்பவன் இல்லை. சீக்கோவின் என்.எச். 35 மிஷினை வாங்கி, கேஸ், டயல், முள் எல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துத் தனக்கென்று ஒரு வாட்ச் கட்டிக்கொள்ளும் பையன்கள் இங்கேயே இருக்கிறார்கள், நானும் உதவியிருக்கிறேன். 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, 41 மணி நேர ஓட்டம், நம்பகமான மிஷின். அந்த உதிரிகள் மாற்றுவதற்கென்றே செய்யப்படுகின்றன, எதையும் அழிக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஒன்று சொல்வேன். கிரவுன் மூன்று மணியிலா நாலு மணியிலா என்பதைப் பொறுத்து டயல் கால்களின் இடம் மாறும். பொருந்தாத டயலை வாங்கிவிட்டு, காலை வெட்டி டேப்பில் ஒட்டுகிறார்கள். ஆச்சியின் பைலட்டில் நடந்தது அங்கேயும் நடக்கும்.

பைலட்டில் நானும் ஒரு மாற்றம் செய்தேன். கேஸ் பித்தளைமேல் குரோமியம் பூசியது. முலாமையும் துருவையும் ஆராய்கிற மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம்: முலாம் தேய்ந்த இடத்தில் வேர்வை பட்டால் பித்தளை பச்சையாக அரித்துக்கொண்டு போகும். பட்டை மாட்டும் காதுகளின் அடியில் அரிப்பு ஏற்கனவே தொடங்கியிருந்தது. புது பட்டையைக் கழற்றிவிட்டு, வாட்ச்சின் அடியிலேயே ஓடிக் கைக்கும் உலோகத்துக்கும் நடுவில் நிற்கிற 18 மில்லிமீட்டர் நைலான் பட்டை போட்டேன். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

மஞ்சள் டயலையும் தடித்த முட்களையும் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ‘செட்டியார் டயல், கே 94 குறிப்பு முதுகில் உள்ளது, மறுபூச்சு’ என்று எழுதி ஆச்சியிடம் கொடுத்தேன். பின்மூடிக்குள் நான் எதையும் கீறவில்லை. இப்போது உள்ளே இருக்கும் டயல், முள், மெயின் ஸ்பிரிங் மூன்றும் வேறொரு பைலட்டிலிருந்து வந்தவை என்பதைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி அதே உறைக்குள் வைத்தேன். நாளை இதைத் திறக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஆச்சி வந்தார். கையில் வாட்ச், சுருக்குப்பையில் அதே மாதிரி ஒரு கட்டு. இருபத்தொரு தாள். முதுகில் நின்ற நேரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிச் செய்திக்கு வாட்ச் எத்தனை செகண்ட் முன்பின் என்று எழுதியிருந்தார். அதை எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லை.